எங்கள் ஊர் வழியாகப் போகும் வண்டி

மகுடபுரி என்ற ராஜ்யத்தில் ராஜாவும் இருந்தார், தேர்தலும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அந்த ராஜ்யத்து ஜனங்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

தலைநகரிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு ரயில் பாதைகள் போயின. ஒன்று ஏரிக்கரைப் பாதை. வழியெல்லாம் மாளிகைகள், மரங்கள், கொஞ்சம் மயில்கள். வண்டிகள் காலியாக ஓடும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும். இன்னொன்று சந்தைப் பாதை. வழியெல்லாம் ஊர்கள், ஊரெல்லாம் கூட்டம். உள்ளே நிற்பவர்களைவிட வாசலில் தொங்குகிறவர்கள் அதிகம். தலைநகரில் பெருக்குபவர்கள், சமைப்பவர்கள், சுவர் கட்டுபவர்கள் எல்லோரும் இந்தப் பாதைக்காரர்கள்தான்.

ஒருநாள் ராஜா, விமான நிலையத்துக்கு அதிவேக வண்டி விடப்போவதாக அறிவித்தார். அதற்குக் கருடவேகம் என்று பெயரும் வைத்தார். எந்தப் பாதையில் விடுவது? தலைக்குள் களிமண் இல்லாத எவனும் காலியாகக் கிடக்கிற ஏரிக்கரைப் பாதையைத்தான் காட்டுவான். இருப்புப்பாதை மந்திரி வாகீசனாருக்கும் தலைக்குள் களிமண் இல்லை. அதனால் அவர், "இதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும்" என்றார்.

அவ்வளவுதான், சந்தைப் பாதை கொதித்துவிட்டது. "நம்ம வண்டியை ஏரிக்கரைக்காரன் தூக்கிட்டுப் போயிருவானா? பாத்துருவோம்!" வண்டி இன்னும் பட்டறையைவிட்டே வெளியே வரவில்லை, அதற்குள் நம்ம வண்டி ஆகிவிட்டது. கடையடைப்பு நடந்தது. உண்ணாவிரதம் நடந்தது. சிலர் மொட்டை போட்டுக்கொண்டார்கள். நெல்லிமேடு என்ற எங்கள் ஊரில் கருடவேக மீட்புக் குழு தொடங்கி, டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் சடையப்பன் அதற்குத் தலைவனானான்.

"இன்னும் வராத வண்டியை யாருகிட்ட இருந்துங்க மீட்கப் போறீங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி செங்கமலம்.

"உனக்கு அரசியல் தெரியாது. பேசாம இரு."

வாக்குப்பதிவு நாளில் ஏரிக்கரையிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. தோல்வி பயம் என்றான் சடையப்பன். சந்தைப் பாதை அமோகமாக ஜெயித்தது.

முதல் வண்டி வந்த நாளில் நெல்லிமேடு ஸ்டேஷனில் நாதஸ்வரம், மாலை, பூசணிக்காய் எல்லாம் தயார். சடையப்பன் ஆரத்தித் தட்டோடு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றான். வண்டி வந்தது, போயே போய்விட்டது. ஆரத்தித் தண்ணீர் முழுவதும் அவன் முகத்தில் இருந்தது. நாதஸ்வரக்காரர் மட்டும், நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

குழுவினர் மந்திரியைப் பார்க்கப் போனார்கள்.

"ஐயா, வண்டி நிக்கவே இல்லீங்களே?"

"நின்றால் அது எப்படி அதிவேக வண்டியாகும்?" என்று வாகீசனார் பரிவோடு கேட்டார்.

"அப்போ நாங்க எங்கங்கய்யா ஏறுறது?"

"தலைநகருக்கு வந்து ஏறுங்கள். உங்கள் ஊர் வழியாகவே உங்களை அழைத்துச் செல்வோம். இந்தப் பெருமை ஏரிக்கரைக்காரர்களுக்கு உண்டா?"

இல்லைதான். குழு மனநிறைவோடு திரும்பியது. வீட்டுக்கு வந்து சடையப்பன் இதைச் சொன்னபோது செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கிழக்கே போகணும்னா முதல்ல மேற்கே போயிட்டு, அப்புறம் நம்ம வீட்டு வாசல் வழியா போகணுமாக்கும்" என்றாள்.

பிறகு ஆணைகள் வர ஆரம்பித்தன. கருடவேகம் வரும்போது சந்தைப் பாதையின் மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி நின்று மரியாதை செலுத்த வேண்டும் என்றது முதல் ஆணை. கருடவேகமோ அடிக்கடி வந்தது. அதனால் ஜனங்களின் வண்டி ஊர்ந்தது. வேலைக்குப் போகிறவர்கள் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள், சிலருக்குச் சீட்டும் கிழிந்தது. "வண்டி தினமும் லேட்டு" என்று மனுக்கள் குவிந்தன. வாகீசனார் மூன்று நிபுணர்களைக் கூட்டி ஆலோசித்து, சந்தைப் பாதையில் கால அட்டவணையையே ஒழித்துவிட்டார். "நேரம் குறித்தால்தானே தாமதம் என்று ஒன்று வரும்? இன்றுமுதல் இந்தப் பாதையில் எந்த வண்டியும் தாமதமில்லை." அந்த வருஷம் தாமதமே இல்லாத பாதை என்று ராஜா அதற்குப் பதக்கம் கொடுத்தார். நெல்லிமேட்டில் பட்டாசு வெடித்தார்கள்! இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

இதற்கிடையில் சடையப்பனுக்குக் கடல் கடந்த தேசம் ஒன்றில் டைல்ஸ் வேலை கிடைத்தது. உள்ளூரில் வேலை படுத்து வெகுநாள் ஆகியிருந்தது. மகள் பவளக்கொடி நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். இந்த வேலைக்கு அப்பா போனால் அவள் படிப்பு முடியும், போகாவிட்டால் நின்றுவிடும். வீட்டில் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

விமானம் ஏற வேண்டிய நாளில், புருஷனும் பெண்டாட்டியும் விடியும் முன்பே பெட்டியோடு வண்டியில் நசுங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில், வயல் நடுவே, வண்டி மரியாதைக்காக நின்றது. கருடவேகம் பறந்தது. உள்ளே ஒரு கனவான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காலி இருக்கைகள்.

"பாரு செங்கமலம், நம்ம வண்டி! என்னா வேகம், என்னா வேகம்!" என்றான் சடையப்பன்.

வண்டி நகரவில்லை. இன்னொரு கருடவேகம் போனது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. வெயில் ஏறியது. கடைசியில் தலைக்கு மேலே ஒரு விமானம் கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

செங்கமலம் ஜன்னல் வழியே விரலை நீட்டினாள். "அதோ போகுது பாருங்க உங்க வேலை." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வேலைக்கு ஆள் எடுத்தவரிடம் அவள்தான் போய்க் கெஞ்சினாள். "அடுத்த மாசம் இன்னொரு விமானம் இருக்கு. அதையும் விட்டா வேற ஆளு போட்டுருவேன்மா" என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த மாதத்தில் தேர்தல் வந்தது. வாகீசனார் நெல்லிமேட்டுக்கு வாக்குக் கேட்க வந்தார், சாலை வழியாக. கூட்டத்தில் செங்கமலம் எழுந்து நின்றாள்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த வண்டியை ஏரிக்கரைப் பக்கமே விட்டுருங்க. எங்க வண்டி பழையபடி ஓடட்டும். அது போதும்."

மந்திரி நெஞ்சில் கை வைத்தார். "கேட்டீர்களா பெருமக்களே? போராடிப் பெற்ற உரிமையை விட்டுக்கொடு என்கிறார் இந்தச் சகோதரி!"

கூட்டம் சீறியது. "உக்காரும்மா! ஏரிக்கரைக்காரன்கிட்ட என்ன வாங்கின?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல், "உயிரே போனாலும் நம்ம வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டோம்!" என்றது. செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். கத்தியது அவள் புருஷன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வாகீசனார் முன்பைவிட அதிக வாக்குகளில் ஜெயித்தார்.

இரண்டாவது விமானம் நெருங்கியது. இந்தத் தடவை செங்கமலம் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பேசி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஏரிக்கரை ஸ்டேஷனுக்கு விடச் சொன்னாள்.

"அந்தப் பாதையில நான் காலை வைக்க மாட்டேன்" என்றான் சடையப்பன்.

"வைக்க வேண்டாம். பவளக்கொடியைக் கூப்பிட்டு, உன் படிப்பை நான்தான் நிறுத்தினேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டு இங்கயே கிடங்க."

அவன் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஏறினான். குழுத் தலைவனை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

ஏரிக்கரை ஸ்டேஷன் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரே ஒருவர், சின்னப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தார். மந்திரி வாகீசனார். அவர் வீடு பக்கத்துத் தெருவில்.

செங்கமலம் நேரே போய் நின்றாள். "ஐயா, நீங்க கருடவேகத்துல போகலையா?"

மந்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். மேடைக் குரல் காணாமல் போயிருந்தது. "தலைநகர் போயி, அங்க ஏறி, அந்த நெரிசலைச் சுத்தி... நான் விமானத்தைப் பிடிக்கணும்மா."

"அப்போ அந்த வண்டியை இந்தப் பாதையிலேயே விட்டிருக்கலாமே?"

"இங்கயா?" மந்திரி நிஜமாகவே பதறிவிட்டார். "நாள் முழுக்க அது ஓடினா வீடெல்லாம் அதிருமேம்மா! மனுஷன் தூங்க வேண்டாமா? இங்க யாரும் வண்டி வேணும்னு கேக்கலையே. நீங்கதானே கேட்டீங்க?"

சடையப்பன் தலையிலிருந்த துண்டை உருவினான். மந்திரியை நோக்கி ஓரடி வைத்தான். செங்கமலம் ஒதுங்கி வழிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அவள் பெருமைப்பட்ட ஒரே கணம் அது. சட்டையைப் பிடிப்பான், குறைந்தது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வியாவது கேட்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"ஐயா, ஒரே ஒரு வேண்டுதல். இந்த ஏரிக்கரைக்காரங்க நாளைக்கு மனசு மாறி, வண்டி எங்களுக்குத்தான்னு வந்து நின்னா..."

"நின்னா?"

"கொடுத்துராதீங்கய்யா."

வாகீசனாரின் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "அந்தக் கவலையே உனக்கு வேண்டாம் தம்பி. என் உயிர் இருக்கிறவரை அந்த வண்டியை இந்தப் பக்கம் வரவிட மாட்டேன்."

சடையப்பன் அன்று விமானத்தைப் பிடித்தான். பவளக்கொடி நர்ஸ் ஆனாள். மந்திரியும், தன் வாழ்நாளில் கொடுத்த வாக்குறுதிகளில் அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை தவறாமல் காப்பாற்றி வருகிறார்.