அம்புக்குறியைச் சற்றே தள்ளிப் போடக் கோரி

மாண்பமை ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ் தடத்தில், காலனியில் குடியிருக்கும் ஏசுதாஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஞானசுந்தரியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஞாயிறுதோறும் உங்கள் பத்திரிகை வந்துவிடுகிறதே.

அதில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் உக்ரைன் போரைப் பற்றி வாராவாரம் எழுதுகிறார். மேலைநாட்டு டாங்கிகள் வந்து இறங்கட்டும், தரை காயட்டும், உக்ரைன் எதிர்த்தாக்குதலில் இறங்கும், ரஷ்யாவின் தெற்கு அரண் பொலபொலவென்று உதிரும் என்கிறார். கூடவே ஒரு வரைபடம், அதில் உலக்கைப் பருமனில் ஒரு சிவப்பு அம்புக்குறி. அதன் முனை குத்துகிற ஊரில்தான் ஐயா என் மகன் ஆல்வின் இருக்கிறான். அவன் ராணுவத்துக்குப் போனவன் இல்லை, கேட்டரிங் படித்தவன். ரஷ்யாவில் ஓட்டல் வேலை என்று ஏஜெண்ட் அனுப்பினான், அங்கே புரியாத பாஷைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி, சட்டை மாட்டி, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகப் பேசியபோது, "நைனா, பள்ளம் தோண்ட சொல்றானுங்க, தோண்டுனா அதுலயே படுக்க சொல்றானுங்க, சாம்பார் வெக்கத் தெரிஞ்சவனுக்கு இன்னா மரியாத பாத்தியா" என்று சிரித்தான். ஊர்ப் பெயரையும் சொன்னான். அதற்கப்புறம் போன் இல்லை. நான் மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, போர் முடியட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் தெரியவருவதற்கு முன்னால் அவன் ராணுவச் சட்டையில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து அவன் சிநேகிதர்கள் பஸ் ஸ்டாப்பில் "வல்லரசையே காக்கும் எங்கள் வல்லவனே" என்று பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்க்க லட்சணமாக இருந்த ஒரு டாங்கியைப் பின்னால் சேர்த்தார். போன மாதம் உங்கள் பத்திரிகையில் அதே டாங்கி, உக்ரைனுக்கு உதவியாக வரப்போவது அதுதானாம். தன்னை அடிக்க வருகிற டாங்கிக்கு முன்னால் என் பிள்ளை கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அதை அவிழ்த்து, மழைக்கு நெல் மூட வைத்துக்கொள்ளுங்கள் என்று களத்தில் கொடுத்துவிட்டேன்.

டீக்கடை வீராசாமி உக்ரைன் கட்சி. கடையில் பத்திரிகையை உரக்க வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "கோச்சிக்காத ஏசுதாசு, அவன் நெலத்துக்கு அவன் சண்ட போடறான், டாங்கி வரட்டும், அப்பறம் பாரு" என்றார். எனக்குத் தெரியாதா ஐயா? தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் குனிந்து நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. நிலத்தைப் பறிகொடுத்தவன் திருப்பிக் கேட்டால் என் மனசு அவன் பக்கம்தான் ஓடும். நியாயம் அந்தப் பக்கம் இருக்கிறது, என் பிள்ளை இந்தப் பக்கம் இருக்கிறான், நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது? டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

வெளிநாட்டுப் பாராளுமன்றத்தில் ஆயுத உதவி மசோதா தேங்கி நிற்கிறது என்று நீங்கள் போட்ட அன்று ஞானசுந்தரி, வளர்த்த சேவலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையாக வைத்துவிட்டாள். எங்கள் சபையில் எதற்கான காணிக்கை என்று எழுதிக் கொடுத்த சீட்டை வாசித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் பொருளை ஏலம் விடுவது வழக்கம். உக்ரைன் மக்களுக்காக அப்போதுதான் உருகி ஜெபித்து முடித்த போதகர், சீட்டை எடுத்து, "டாங்கி தாமதமானதற்காக" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பீட்டர் வாத்தியார் சேவலை ஏலத்தில் எடுத்தார். அடுத்த ஞாயிறே மசோதா நிறைவேறியது என்று போட்டீர்கள். இவள் நேரே வாத்தியார் வூட்டுக்குப் போய், "ஸ்தோத்திரம் வாபஸ், சேவல குடுங்க" என்று நின்றாள். "இன்னாம்மா இது, கொழம்பு வெச்சி ஒரு வாரம் ஆவுது" என்றார் அவர். "டாங்கி வந்துக்கினு கீது, நீங்க கொழம்பப் பத்தி பேசறீங்களே" என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வாத்தியார் வீட்டம்மா பதிலுக்கு ஒரு பெட்டைக் கோழியைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினார். அது கர்த்தருடையதா எங்களுடையதா என்று முடிவாகாமல் எங்கள் அடுப்பங்கரையில் முட்டை போட்டுக்கினு கீது.

"இழப்புகள் தவிர்க்க முடியாதவை" என்று தங்கள் அதிகாரி எழுதுகிறார். அந்த இழப்புக்கு ஐயா, இருட்டில் தனியாகக் கொல்லைக்குப் போகக்கூட பயம். உப்பு பார்க்காமல் யாருக்கும் இலையில் சோறு வைக்காது. ஆகையால் தயவுசெய்து அந்த அம்புக்குறியை ஒரு விரற்கடை தள்ளிப் போடச் சொல்லுங்கள். உதவி வந்து சேர்வது கஷ்டம், எதிர்த்தாக்குதல் நடக்காது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க்காரன் கேட்டான் என்று எவனும் டாங்கியைத் திருப்பமாட்டான், எனக்கும் தெரியும். அந்த ஒரு வாரமாவது ஞானசுந்தரி சாப்பிடுவாள்.

சமாதானத்தின் தேவன் தங்களையும், தங்கள் பிள்ளைகளையும், அவர்கள் எந்த ஊரில் வேலை பார்த்தாலும், காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
ஏசுதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் பீட்டர் வாத்தியார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உக்ரைன்காரர்கள் பிடித்த கைதிகளின் வீடியோ. அதில் எங்கள் ஆல்வின் தலையில் கட்டோடு உட்கார்ந்து, பெயரையும் ஊரையும் சொல்லி, "எனக்குச் சமைக்கத் தெரியும்" என்கிறான். உயிரோடு இருக்கிறான் ஐயா. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடவும். உதவி போதாது, இன்னும் டாங்கி அனுப்புங்கள் என்று அதிகாரி காட்டமாக எழுதட்டும். ரஷ்யாக்காரன் அவனை வைத்திருக்கும் கைதி முகாம் பக்கமே நெருங்கக் கூடாது. ஆல்வின் படுத்திருந்த பள்ளத்தில் இந்நேரம் வேறு யாராவது ஒருத்தர் பிள்ளையைப் படுக்க வைத்திருப்பார்கள் என்கிறாள் ஞானசுந்தரி. அவனுடைய அப்பாவும் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள்.