டிவி தின்ற டேட்டாபேஸ்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நம் ஆஸ்பத்திரிக்கு வரும் நாய், பூனைகள் வழக்கம்போல நலமில்லை. அதனால் பிழைப்பு ஓடுகிறது. அங்கே மூவரின் சுகத்துக்கும் ஒரு வரி எழுது.

நாய், பூனைகளின் வைத்தியக் குறிப்புக்கு நீ போட்டுக்கொடுத்த புரோகிராம் திங்கட்கிழமை காலையிலேயே படுத்துவிட்டது. எந்த நாயின் பெயரைத் தட்டினாலும் "டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை" என்று ஒரே பல்லவி. நாம் வாடகைக்கு எடுத்த சர்வரை இங்கிருந்தே நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். எழுந்தது, நான் நாற்காலியில் உட்காருவதற்குள் மறுபடி விழுந்தது. அத்தான் தன் பங்குக்கு இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் செருகினார். அது பிரின்டர் வயர். அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் கன்றுக்குட்டி அளவு நாயைச் சுமந்துகொண்டு வந்தார். காலில் கண்ணாடி கிழித்து ஒரே ரத்தம். தையல் போட மயக்க ஊசி வேண்டும். போன தடவை ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் அதற்கு உயிர் போய் வந்தது. எந்த மருந்து என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. "அதைப் பாக்காம நான் ஊசியைத் தொடமாட்டேன்"னுட்டார் அத்தான். பேக்கரிக்காரர் அழ, அவரைப் பார்த்து நாய் அழ, நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

அங்கிருந்த பொண்ணு நிதானமா சொன்னா: "மேடம், நீங்க எடுத்திருக்கிறது சின்ன சர்வர். ஒவ்வொரு கனெக்‌ஷனும் கொஞ்சம் மெமரியைப் பிடிச்சுக்கும். யாரோ புதுசு புதுசா திறந்துக்கிட்டே போறாங்க, மூடறதே இல்லை. மெமரி தீர்ந்ததும் டேட்டாபேஸ் விழுந்துடுது."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"வெயிட்டிங் ரூம் டிவின்னு காட்டுது, மேடம்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். குணமான நாய்களின் படம் டிவியில் ஓடவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார், தம்பி! படத்துக்குப் படம் ஒரு புதுக் கனெக்‌ஷன். வைத்தியம் முடிஞ்சும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆள் மாதிரி அத்தனையும் உள்ளேயே உட்கார்ந்திருக்கு. டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வரை மறுபடி ஓடவிட்டேன். மருந்தின் பெயர் வந்தது. தையல் முடிந்து கண் விழித்த நாய், முதல் காரியமாக அத்தானின் சட்டையைக் கிழித்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆகவே உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ். இனி சர்வரை நானே பார்த்துக்கொள்வேன். நீ லீவு போட்டு அலைய வேண்டாம். உன் மனைவிக்கு என் அன்பு, பாப்பாவுக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம், உனக்கு ஆயுசு நூறு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: டிவி வேண்டாம் என்றதை அத்தான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, வருகிறவர்கள் எல்லாரும் அவரவர் போனிலேயே அதே புரோகிராமில் படம் பார்க்கும்படி செய்துவிட்டாராம். இப்போதுதான் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வெளியே ஒரே கத்தல் கேட்கிறது. நாய்கள் இல்லை, ஆட்கள். உடனே கிளம்பி வா.