மூணு போன்காரரும் கிளிப்பச்சைப் பட்டனும்

திருப்பூரில் எந்தப் பொருள் எந்தக் கடையின் எந்த மூலையில் கிடக்கிறது என்பது கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்கே மறந்துபோனால் மூணு போன்காரரிடம் கேட்டுக்கொள்வார்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் பார்த்தார். ஜிப், லேபிள், எலாஸ்டிக், எது வேண்டுமானாலும் மூன்று போனுக்கு மேல் போட மாட்டார், அதற்குள் சரக்கைப் பிடித்துவிடுவார். வேலையில்லாத மதியங்களில் மட்டும் கணக்கில்லாமல் போடுவார். தேவையே இல்லாத ஊதா ஜிப்பைக் கேட்டுக் கடைக்காரர்களின் உயிரை வாங்குவார். ஏன் இந்த வம்பு என்றால், "ஜிப்பு ஆருக்கு வேணுமுங்க? இவரு எப்படிப் பதில் சொல்றாருன்னு பாக்கறேன்" என்பார். அவருடைய நோட்டில் சரக்கு விவரமே இருக்காது. 'எதைக் கேட்டாலும் இருக்கு என்பார், நம்பாதே.' 'இல்லை என்பார், எழுந்து பார்க்கச் சோம்பல்.' இப்படிக் கடைக்குக் கடை ஜாதகம் எழுதி வைத்திருந்தார்.

ஒருநாள் குழந்தைகள் காலர் பனியனுக்குப் பட்டன் ஆர்டர் போட்டதில் நான் ஒரு சைஸ் பனியனையே கணக்கில் விட்டுவிட்டேன். மறுநாள் காலை லோடு ஏற வேண்டும். மற்ற சைஸ்களுக்கு வைத்த அதே கிளிப்பச்சையில் பட்டன் கிடைக்காவிட்டால் என் வேலை போய்விடும். அவருக்குத் தெரியாமல் இன்னொரு லைனில் பன்னிரண்டு கடைகளைப் பிடித்தேன். ஒன்பது பேர் தாராளமாக இருக்கு என்றார்கள். வந்த சாம்பிள் ஒன்பதும் ஒன்பது விதப் பச்சை, எங்கள் பச்சையைத் தவிர. நான் அழாத குறை. வேறு வழியில்லாமல் அவரிடமே போய் உண்மையைச் சொன்னேன்.

நோட்டைப் புரட்டி முதல் கடைக்குப் போட்டார். இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதாக, வீரபாண்டியில் கடை வைத்திருந்தவரும் அதையேதான் சொன்னார். போனை வைத்ததும் இவர் பைக் சாவியை எடுத்தார்.

"இல்லைன்னுதானுங்களே சொன்னாரு?" என்றேன்.

"எத்தனை வேணும்னு கேட்டுப்போட்டு இல்லைன்னாருங்க. இல்லாதவரு எதுக்குங்க எண்ணிக்கை கேக்கறாரு?"

இந்தச் சின்ன எண்ணிக்கைக்குப் பரண் ஏற அலுப்பாம் அந்தக் கடைக்காரருக்கு. இவரே ஏறி, தலையெல்லாம் ஒட்டடையோடு பட்டன் மூட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார்.

லோடு போனபிறகு விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பட்டனை விட்டது யார் என்று ஆபீஸ் முழுக்க விசாரிக்காமல் நேராக மூணு போன்காரரிடம் வந்து நின்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"தெரியலீங்க" என்றார் அவர்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.