பறவைகள் தினத்துக்கு வந்த பறவை

கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வீடு கட்டி வாழும் இந்தக் குடியிருப்பைப் போலப் பறவைகளைப் போற்றிய சமூகம் மனித வரலாற்றிலேயே கிடையாது. தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர். மரந்தோறும் குயிலோசை தரும் ஒலிபெருக்கி. காரின் மேல் எச்சம் விழாதிருக்கக் கிளைதோறும் முள்கம்பி. ஆண்டுதோறும் 'பறவைகள் தினம்'.

இந்த ஆண்டு விழாவில் ஒரு சிறு குறை நேர்ந்துவிட்டது. பறவையே வந்துவிட்டது.

ஒன்பதாம் குழிக்குச் சற்றுத் தள்ளி ஆள்காட்டிக் குருவி ஒன்று தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்ததைப் புல்வெட்டுக்காரர்தான் முதலில் கண்டார். மூன்று வாரமாக இயந்திரத்தை வளைத்து வளைத்து ஓட்டிக் காப்பாற்றிவந்தார். பொரிக்க இன்னும் நாலைந்து நாள்தான். விழாக் கூட்டம் மிதித்துவிடக் கூடாதே என்று அடையாளத்துக்கு ஒரு கொடியை நட்டுவைத்தார்.

கோல்ஃப் ஆடுகிறவர் கண்ணில் கொடி பட்டால், அங்கே குழி இருக்கிறது என்று பொருள். விழாவைத் தொடங்கிவைக்க மட்டையை ஓங்கிய குடியிருப்புத் தலைவர் கொடியைப் பார்த்தார், அடித்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் குறி தப்பவில்லை. பந்து உருண்டு போய்க் கூட்டுக்குள் நின்றது. பறந்து விலகிய குருவி திரும்பி வந்து, முட்டைகளோடு பந்தையும் சேர்த்து உட்கார்ந்துகொண்டது.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது.

"பறவைகள் தினத்துக்கு இது பெரிய இடைஞ்சலா இருக்கே," என்றார் செயலாளர். "தூக்கி வெளிய போட்டுடலாம்."

"முட்டையையுமா?" என்றார் புல்வெட்டுக்காரர்.

"எல்லாத்தையும்தான். தலைவர் அடுத்த அடி அடிக்க வேண்டாமா?"

வேலை போனால் போகட்டும் என்று புல்வெட்டுக்காரர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அது உங்க பந்தை அடைகாக்குதுங்க."

"என் பந்தையா?"

"ஆமாங்க. இதுவரைக்கும் எத்தனையோ பேர் பந்து இங்க விழுந்திருக்கு. ஒண்ணையும் அது ஏறெடுத்துப் பாக்கல."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும் கிட்ட போகக் கூடாது," என்றார்.

சுற்றிலும் கயிறு கட்டினார்கள். காவலாளியை நிறுத்தினார்கள். 'தலைவரின் பந்து ஓய்வில் உள்ளது' என்று பலகை வைத்தார்கள். ஐந்தாம் நாள் நான்கு குஞ்சுகள் புல்லில் ஓடின. பந்து பொரிக்காததில் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பறவைகள் மீது இக்குடியிருப்பு வைத்திருக்கும் அன்பைப் புல்வெட்டுக்காரர் நன்றாகப் புரிந்துகொண்டார். இப்போதெல்லாம் எங்கே கூட்டைக் கண்டாலும், தலைவரின் பந்து ஒன்றை அதில் வைத்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குத் தகவல் சொல்கிறார்.