பத்துக்கு இரண்டு வலி

அன்புள்ள மாரிட் அக்காவுக்கு, மினசோட்டாவிலிருந்து தம்பி ஆர்விட் எழுதுவது. இங்கே பனி இடுப்பளவு; மற்றபடி சௌக்கியம். ஃபார்கோவில் நீயும் உன் புது முழங்காலும் நலந்தானே?

பன்னிரண்டாம் தேதி எனக்கும் முழங்கால் மாற்று ஆபரேஷன். துணைக்கு வருவதாக எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். உடம்பை முன்கூட்டியே தயார் பண்ணினால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், இரண்டு மாதமாக என் வீட்டுக்காரி சோல்வெய்க் என்னைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. தடுக்கி விழக் கூடாதென்று கம்பளங்களைச் சுருட்டினாள். வெறும் தரையில் காலுறையோடு வழுக்கி விழுந்தேன். கழிப்பறை இருக்கையை அரை அடி உயர்த்தினாள். வீட்டுக்கு வந்த போதகர் அதில் உட்கார்ந்துவிட்டு, கால் தரைக்கு எட்டாமல் உள்ளிருந்தே என்னைக் கூப்பிட்டார். தொடை பலப்பட காலை நீட்டித் தூக்கச் சொன்னார்கள். டிவியில் ஹாக்கி பார்த்துக்கொண்டே தூக்கினேன், நம்ம ஆள் கோல் போட்ட வேகத்தில் கால் பட்டு மேஜை விளக்கு போயே போய்விட்டது. பத்து பவுண்டு எடை குறைக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் சேதி தேவாலயத்துக்குப் போய், உருளைக்கிழங்கும் கறியும் சீஸும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒன்பது தட்டு வந்து இறங்கியது. தட்டைக் காலி பண்ணாமல் திருப்பிக் கொடுக்க முடியுமா, நீயே சொல்.

நேற்று கடைசிப் பரிசோதனை. "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று நர்ஸ் கேட்டார். வலிக்குது என்று சொல்லியா நாம் வளர்ந்தோம்? அறுவடை இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டும் "பரவால்ல" என்றவர் நம் அப்பா. நானும் வாய் தவறி, "அப்படியொண்ணும் மோசமில்ல, ரெண்டு" என்றேன். டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"பயிற்சியிலயே சரியாயிடுச்சே! அப்ப ஆபரேஷன் இப்போ எதுக்கு? அடுத்த திங்கட்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்க."

காரில் ஏறியதும் சோல்வெய்க் பிடித்துக்கொண்டாள். "ரெண்டாமே, ரெண்டு! ராத்திரியெல்லாம் ஐயோ அம்மான்னு புரளுறது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? மே மாசம் பேத்தி கல்யாணத்துல என்கூட ஆடுவேன்னு சொன்னீங்களே, நாற்காலியோடவா ஆடப் போறீங்க?"

ஆகவே, அக்கா, ஆபரேஷனே சந்தேகம். நீ பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. ஆண்டவர் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
ஆர்விட்

பி.கு.: வாய் தவறியதென்று எழுதியது பொய், அக்கா. வலி ஒன்பது. எலும்பை ரம்பத்தால் அறுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். பயம்னா பயம், அப்படியொரு பயம். சோல்வெய்க்கிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ இதையெல்லாம் தாண்டி வந்தவள். உடனே கிளம்பி வா. திங்கட்கிழமை அந்த நர்ஸ் கேட்கும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டால், குறைந்தது ஏழு என்றாவது சொல்லிவிடுவேன்.