பதிவுத் தபால் வீட்டுக்காரர்

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஓர் அறையில் குடியிருந்த நானும் என் அறைத்தோழனும் எமனுக்குக்கூடப் பயப்படவில்லை, தபால்காரருக்குப் பயந்தோம். காரணம் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பதிவுத் தபால்'.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் பத்தடிகூட இருக்காது. குழாயைச் சரியாக மூடாததற்கே தபாலாபீசுக்கு நடந்துபோய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புவார். மறுநாள் நாங்கள் கையெழுத்துப் போட்டு வாங்குவதை, முன்பின் தெரியாதவர்போல் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். கேட்டால், "வாயால சொன்னா நீயும் மறந்துடுவ, நானும் மறந்துடுவேன்" என்பார். என்ன மனிதர்!

அறைத்தோழன் புதுச்சேரியிலிருந்து சரக்கு பாட்டில் கடத்திவந்து பரணில் பதுக்கி விற்றான். நானோ அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாதவன். ஒரு திங்கட்கிழமை இருவருக்கும் தனித்தனியாகத் தபால் வந்தது. வியாழனுக்குள் பரண் காலியாக வேண்டும், தவறினால் வெள்ளி காலை பத்து மணிக்குப் போலீசோடு வருவேன் என்று எழுதியிருந்தார்.

அவன் சிரித்தான். மூன்று நாள் நான் கெஞ்சியும் அவன் மசியவில்லை. வாயால் சொன்னால் இந்த மனிதரிடம் எடுபடாது என்று வியாழக்கிழமை நானும் உண்மையை எழுதி வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் போட்டேன்.

வெள்ளி, பத்து மணி. சொன்ன சொல் தவறாமல் ஏட்டையாவோடு வந்து நின்றார். பாட்டில்கள் இறங்கின. அறைத்தோழன் கூசாமல் என்னைக் கை காட்டினான். ஏட்டையா என் கையைப் பிடித்தார். கேஸ் ஆனால் வேலை போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். வீட்டுக்காரர் ஏட்டையாவை நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி மாட்டி, கையெழுத்துப் போட்டு, என் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு உறையை நீட்டினார்.

"முத்திரையப் பாருங்க, நேத்து தேதி. சரக்கு யாருதுன்னு நீங்க வர்றதுக்கு மின்னாடியே எழுதிட்டான். அவன் கைய உடுங்க."

"எதிர் வூட்ல இருந்துக்கினு தபாலா போட்ட?" என்றார் ஏட்டையா என்னிடம். எந்தப் பைத்தியம் பெரிய பைத்தியம் என்று அவருக்குப் புரியவில்லை போலும். அறைத்தோழனை மட்டும் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"இதுக்கெல்லாம் கதவத் தட்டலாம்பா."

அவர் மேல் சாய்ந்து அழுதேன். என் அப்பாவிடம்கூட நான் அப்படி அழுததில்லை.