டேவிட்சனுக்கு முந்நூறு ஜி.பி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டேவிட்சன் ஒரு முடிவோடு லேப்டாப்பைத் திறந்தான்.

அவன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப். தினமும் ஏழிலிருந்து ஒன்பதுவரை அதில் அவன் மனைவி எமில்டா பதினோரு பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பாள். அதே நேரத்தில்தான் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இணையத்தில் செஸ் ஆட வருவான். அவனிடம் டேவிட்சன் இதுவரை நாற்பது ஆட்டம் தோற்றிருந்தான். மானப் பிரச்சினை.

செஸ்ஸுக்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால், ஆபீஸில் இனி விண்டோஸ் கிடையாது, எல்லாமே லினக்ஸ்தான், ஏழு மணிக்கு மேல் வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தான். டிஸ்க்கை இரண்டாகத் தடுத்துவிட்டால் ஒரு பக்கம் அவளுடைய விண்டோஸ், மறுபக்கம் தன்னுடைய லினக்ஸ். என்ன, ஒரு நேரத்தில் ஒரு குடித்தனம்தான் நடத்த முடியும்.

எமில்டா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எவ்வளவு எடம்?"

"எரநூறு ஜி.பி."

"ஒங்களுக்கு?"

"முந்நூறு. ஆபீஸ் வேலைல்லா, எடம் வேணும்ளா."

"சரி" என்றாள். தன் பாடக் குறிப்புகளை மட்டும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பனிமய மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு டேவிட்சன் விண்டோஸைச் சுருக்கினான். காலியான இடத்தில் லினக்ஸை ஏற்றினான். மறுபடி இயக்கியபோது திரையில் இரண்டு பெயரும் வந்தன. எது வேண்டும் என்று கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தான். தோற்றான். செவ்வாயும் தோற்றான். வெளியே எமில்டா செல்போனின் சின்னத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு பாடம் எடுத்தாள். ஒரு வார்த்தை முனகவில்லை. கதவோரம் காப்பிகூட வைத்துவிட்டுப் போனாள். அது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. குதிரையை நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

புதன்கிழமை மேனேஜர் இசக்கியப்பன் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு புது லேப்டாப் இருந்தது.

"ஒங்க வீட்டம்மா போன் பண்ணுனாங்க. சொந்த லேப்டாப்பையே ரெண்டாப் பிரிச்சு ஆபீஸ் வேலை பாக்கீங்களாமே. எனக்குக் கண்ணே கலங்கிட்டு."

இனி தினமும் ஏழிலிருந்து ஒன்பதுவரை சரக்குப் பட்டியல்களை வீட்டிலேயே சரிபார்த்து அனுப்பிவிட வேண்டும் என்றார். அப்படி வேலையே இல்லை என்று சொல்ல டேவிட்சன் வாயைத் திறந்தான். அப்படியென்றால் இரண்டு நாளாக என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாரே என்று தோன்றியது. மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் எமில்டா பழைய லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தாள். அவனுக்குத்தான் தனியாக வந்துவிட்டதே, இதிலுள்ள தடுப்பை எடுத்துவிடலாம் என்றாள். டேவிட்சன் தன் கையாலேயே லினக்ஸை அழித்து, முந்நூறு ஜி.பி.யையும் அவள் பக்கம் சேர்த்துக் கொடுத்தான்.

ஏழு மணிக்கு இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவன் திரையில் நூற்றுப்பதினெட்டு கண்டெய்னர்களின் பட்டியல் விரிந்தது. எமில்டா பாடத்தைத் தொடங்குமுன் பரிவோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மணி நேரம் பத்துமாங்க? பத்தலன்னா சொல்லுங்க, சார்ட்ட நான் பேசுதேன்."